ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை எந்த நியாயத்தில் ஆண்டார்கள்? 1707 தேசவழமை பற்றிய கேள்வி

நல்லூரடி எழுதியது:

வணக்கம். ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் காலத்தில் (1703–1707) காணி, சீதனம், வாரிசுரிமை பற்றிய யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை எழுத்தில் ஏறியது எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருக்கிறது. ஆனால் ஏன் என்ற இடத்தில் "உள்ளூர் வழமையை ஒல்லாந்தர் மதித்தனர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். உயர்தர மாணவர்களுக்கு ஒரு குறிப்புத் தயாரிக்க வேண்டியிருப்பதால் கேட்கிறேன்.

யானையும் சாயவேரும் விற்க வந்த வியாபாரக் கும்பனிக்கு, யாருடைய முதுசம் (பரம்பரைச் சொத்து) யாருக்குப் போகிறது என்பதில் என்ன அக்கறை? யாரிடம் கேட்டு எழுதினார்கள்? இதே கொள்கை வரியிலும் ஊழியத்திலும் (சம்பளமில்லாத கட்டாய வேலை) தெரிகிறதா, அல்லது காணி, கலியாண விஷயங்களோடு நின்றுவிட்டதா? தெரிந்தவர்கள் விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

பண்ணைக்கரை எழுதியது:

எழுதிய ஒழுங்கையும், எழுதியது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்த்தால் முதல் இரண்டு கேள்விக்கும் விடை வந்துவிடும்.

1706 ஆகஸ்டில் சைமன்ஸ் உத்தரவிடுகிறார். வேலை கிளாஸ் ஐசாக்ஸ் கையில் விடப்படுகிறது. இவர் யாழ்ப்பாணத்துத் திசாவை, அதாவது ஊர்ப்புற நிர்வாக அதிகாரி. முப்பது வருடத்துக்கு மேல் இங்கேயே உத்தியோகம் பார்த்தவர். சட்டம் படித்த நீதவானிடம் கொடுக்காமல், கிராமம், தலைமைக்காரர், வரி என்று நாளாந்தம் புழங்கிய ஆளிடம் கொடுத்ததைக் கவனியுங்கள். 1707 ஜனவரி 30-ல் அவர் தொகுப்பை ஒல்லாந்த மொழியில் ஒப்படைக்கிறார். அதை யான் பீரிஸ் தமிழாக்க, தமிழ்ப் பிரதி உள்ளூர்த் தலைமைக்காரரான 12 முதலியார்களிடம் சரிபார்க்கப் போகிறது. அவர்கள் ஒப்புதல் கொடுத்த பிறகு 1707 டிசம்பர் 16-ல் பிரதிகளை நீதிமன்றத்துக்கும் லாண்ட்ராட் என்ற நில மன்றுக்கும் அனுப்பும்படி உத்தரவு.

அதாவது முதலில் கட்டளை, பிறகு அனுபவமுள்ள அதிகாரியின் தொகுப்பு, உள்ளூர்ப் பெரியவர்களின் சரிபார்ப்பு, கடைசியில் நீதிமன்றம். பிரதி போனது நீதிமன்றங்களுக்கு. எனவே ஏன் என்ற கேள்விக்கு முதல் விடை வழக்குத்தான். லாண்ட்ராட்டில் காணி வழக்கு வந்தால் எது வழமை என்று ஒவ்வொரு தடவையும் யாரையாவது கேட்கவேண்டும். கேட்கப்படுபவர் அநேகமாகத் தலைமைக்காரர். அவருக்கு ஒரு பக்கத்தில் உறவு இருக்கும், மறுபக்கத்தில் பகை இருக்கும். இன்றைக்கு ஒரு வழமை, அடுத்த மாதம் வேறொரு வழமை. எழுதிய பிரதி மேசையில் இருந்தால் அந்த இடைத்தரகு குறையும்.

"அப்படியே மதித்தனர்" என்ற வசனத்துக்கு எதிரான சாட்சி தேசவழமையின் முதற்பகுதியிலேயே இருக்கிறது. ஆதியில் கணவனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கும், மனைவியின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் போனது. இருவரும் சேர்ந்து தேடியது தேடியதேட்டம். ஆனால் பறங்கியர் (போர்த்துக்கேயர்) காலத்தில், தளபதி பிலிப் டி ஒலிவேராவின் பெயரைச் சொல்லியே, இந்த வழக்கம் மாறிப்போனதாக ஐசாக்ஸ் எழுதுகிறார். சீதனம் கொடுக்கும்போது எது முதுசம், எது சீதனம், எது தேட்டம் என்று பாராமல் கலந்து கொடுக்கும் நடைமுறை வந்துவிட்டது. அந்த மாறிய நிலையைத்தான் சட்டமாக்கினார்கள். அரசர் காலத்து வழமைக்குத் திரும்பவேண்டும் என்ற எண்ணம் கும்பனிக்கு இருக்கவில்லை. 1706-ல் ஊர் எப்படி நடக்கிறதோ அதுவே அவர்களுக்குப் போதும்.

காணி விற்பனை பற்றிய பகுதிதான் உங்கள் குறிப்புக்கு மிகவும் பயன்படும். ஒருவர் காணி விற்கப்போனால் உரித்துள்ளவர்கள், பங்காளிகள், அடுத்த காணிக்காரராக இருந்து அந்தக் காணியை ஈடு பிடித்திருப்பவர்கள் ஆகியோருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அது பழைய ஊர் வழக்கம். ஆனால் அறிவித்தல் எப்படிக் கொடுப்பது? விற்பனையை அந்தக் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை பிரசித்தம் செய்யவேண்டும் என்கிறது சட்டம். பள்ளிக்கூடச் சட்டம்பியார் அதற்குப் பொறுப்பு. உரிமை ஊருடையது, அதைப் பயன்படுத்தப் போகவேண்டிய வாசல் கும்பனியுடையது. என் கணிப்பில் சைமன்ஸ் கால ஆட்சி முறை முழுவதும் இந்த ஒரு பிரிவுக்குள் அடங்கிவிடும்.

சீதனத்திலும் இதே போக்கு. சீதன ஓலையில் எழுதிக் கொடுத்த காணியைப் பெண் பத்து வருடத்துக்குள் ஆட்சிக்கு எடுக்காவிட்டால் உரித்துப் போகும். வருடக்கணக்காகப் பெயரளவில் கிடக்கும் காணி நீதிமன்றத்துக்கும் தொல்லை, வரிப் பதிவுக்கும் தொல்லை. வரிப் பதிவு பற்றித் தோம்பேடு இங்கே வருவாரென்றால் அவர் எழுதட்டும்.

தோம்பேடு எழுதியது:

வந்துவிட்டேன். மூன்றாவது கேள்விக்கு.

வரியில் இந்தக் கொள்கை இன்னும் பச்சையாகத் தெரியும். குடாநாட்டை வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்று நான்காகப் பிரித்ததை ஒல்லாந்தர் கைவிடவில்லை, தீவுகள் தனி. வன்னியில் வன்னியர்களை (உள்ளூர்ச் சிற்றரசர்கள்) விட்டுவைத்து யானையைத் திறையாக வாங்கினார்கள். மேலே கொமாண்டரும் சபையும், ஊர்ப்பக்கத்துக்குத் திசாவை. அதற்குக் கீழே முழுவதும் எங்கள் ஆட்கள்: முதலியார், உடையார், விதானை, பட்டங்கட்டி, தலையாரி. சம்பளம் கொடுத்து ஒல்லாந்தரைக் கிராமத்துக்கு அனுப்பினால் கட்டாது. ஆகவே பழைய ஏணியை வைத்துக்கொண்டு, அதில் யார் ஏறுவது என்பதை மட்டும் தங்கள் கையில் எடுத்தார்கள்.

வரி என்று ஒரே வரி கிடையாது. காணி வரி, தலைவரி, அதிகாரி வரி, உத்தியோகக் காசு என்று பல. பெயரைப் பார்த்தாலே விளங்கும்: பழைய ஆட்சியில் அதிகாரிக்கும் உத்தியோகத்தருக்கும் ஊர் கொடுத்ததைக் கும்பனி தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது. புது வரி போட்டால் கலகம் வரும். பழைய வரியைப் பழைய பெயரிலேயே தண்டினால் முணுமுணுப்போடு போகும். ஊழியமும் அப்படித்தான். சாதிவாரியாக, வருடத்துக்கு 12 நாள் சம்பளமில்லாத வேலை. வராதவர் காசு கட்டலாம். ஊழியம் பறங்கியர் காலத்துக்கும் முந்தியது. அதற்கு இடாப்பு வைத்து ஆள் எண்ணியதில்தான் கும்பனியின் கை தெரிகிறது.

இவ்வளவுக்கும் அடிப்படை தோம்பு, அதாவது பதிவேடு. காணித் தோம்பு ஒன்று, தலைத் தோம்பு ஒன்று, சட்டம்பியார் கையில் பள்ளித் தோம்பு ஒன்று. காணித் தோம்பில் காணியின் பெயர், அளவு, உரித்தாளர், கட்டவேண்டிய தொகை. தலைத் தோம்பில் ஆள், சாதி, ஊழியக் கடமை. பள்ளித் தோம்பில் ஞானஸ்நானமும் கலியாணமும். இப்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கலியாணம் பதிவானால் பிள்ளை யாருடையது என்று தெரியும். பிள்ளை தெரிந்தால் முதுசம் யாருக்கு என்று தேசவழமை சொல்லும். முதுசக்காரர் தெரிந்தால் தோம்பில் பெயர் மாற்றி அவரிடம் வரி கேட்கலாம். வாரிசு வழமையில் கும்பனிக்கு என்ன அக்கறை என்று கேட்டீர்கள் அல்லவா, அக்கறை இந்தச் சங்கிலியில் இருக்கிறது.

மாணவர்களுக்கு அளவையும் சொல்லிக் கொடுங்கள், பழைய ஏடுகளில் தடுமாறுவது அங்கேதான். எங்கள் காணி அளவு விதைப்பை வைத்து வந்தது. வரகு விதைப்புக் கணக்கில் ஒரு பரப்புக்கு 18 குழி, 16 பரப்பு ஒரு ஏக்கர். நெல் விதைப்புக் கணக்கில் 12 குழி, அப்போது 24 வேண்டும் ஒரு ஏக்கருக்கு. இரண்டு வழியில் பெருக்கினாலும் ஏக்கருக்கு 288 குழிதான். தோட்டக் காணிக்கும் வயலுக்கும் ஒரே அளவு என்று நினைத்துக் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு பிழைக்கும். ஏக்கர் பின்னால் பிரித்தானியரோடு வந்த கணக்கு; ஒல்லாந்தர் ஏட்டில் அதைத் தேடவேண்டாம்.

எங்கே பிசகியது? தோம்பை எழுதத் தகவல் கொடுப்பவரும், அதை வைத்து வரி தண்டுபவரும் ஒரே தலைமைக்காரர். தன் ஆட்களின் காணியைக் குறைத்துச் சொல்ல அவரைத் தடுக்க ஆளில்லை. இரண்டாவது, சீதனத்தாலும் முதுசத்தாலும் காணி ஒவ்வொரு தலைமுறையிலும் துண்டாகிறது, ஏடு அந்த வேகத்துக்கு ஓடாது. செத்தவர் பெயரில் காணி நிற்கும். ஏழெட்டுப் பேர் பிரித்து ஆள்வார்கள். யார் எவ்வளவு கட்டுவது என்பதை விதானையார் தீர்மானிப்பார். அங்கே அவருக்கு லாபம். 1697-ல் கொமாண்டர் ஹென்ட்ரிக் ஸ்வார்டெக்ரூன் எழுதி வைத்துப்போன நினைவேட்டில் தோம்பு வேலை பெரிய விஷயமாக வருவது சும்மா இல்லை. அதே ஏட்டில் இன்னொன்றும் இருக்கிறது: உத்தியோகம் எல்லாம் வெள்ளாளர் கையில் குவியாமல் மடப்பள்ளியார் என்ற இன்னொரு சாதியாருக்கும் பங்கிடுவது பற்றிய பிரச்சினை. வழமையை மதிக்கிறோம் என்று சொன்ன அதே ஆட்சி, தலைமைக்காரர் பலம் கூடும்போது அதைக் கத்தரிக்கப் பார்த்தது, பெரிதாகச் சரிவரவில்லை.

மடத்துவாசல் எழுதியது:

இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் "ஊர் வழமை" என்று சொல்லும்போது எந்த ஊர், யாருடைய ஊர் என்று யாரும் கேட்கவில்லையே.

சரிபார்த்தவர்கள் 12 முதலியார்கள். உத்தியோகமும் காணியும் உள்ளவர்கள். அவர்கள் தனியாகக் குறிப்பெழுதிய இடம் எது தெரியுமா? அடிமைகள் பற்றிய பகுதி. சீதனத்திலோ ஒற்றியிலோ அவர்களுக்குப் பெரிய குறை இருக்கவில்லை. எசமானின் உரிமை குறையுமோ என்ற இடத்தில்தான் பேனா எழும்பியது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று பெயர் சொல்லி, யார் யாருக்கு என்ன கடமை என்று அந்தப் பகுதி எழுதுகிறது. எழுதாத வழக்கத்தில் குடும்பத்துக்குக் குடும்பம், ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கும், பேசித் தளர்த்தவும் இடமிருக்கும். எழுதிய பிறகு அது நீதிமன்றத்தில் காட்டக்கூடிய உரித்து. அடிமைத்தனத்தைச் சட்டத்தால் ஒழிக்க 1844-ம் ஆண்டின் 20-ம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1707-லிருந்து 137 வருடம். மாணவர்களுக்கு இந்தக் கணக்கைக் கட்டாயம் கொடுங்கள்.

அடுத்தது சமயம். வழமையை மதித்தவர்கள் கோயிலை ஏன் மதிக்காமல் விட்டார்கள்? பகிரங்கமான சைவ வழிபாட்டுக்கு இடமில்லை. ஞானஸ்நானம் பெறாதவருக்கு உத்தியோகம் இல்லை. தேவாலயத்தில் பதியாத கலியாணத்துப் பிள்ளையின் உரித்துக்கு ஆபத்து. எனவே ஆட்கள் தோம்புக்கு ஒரு பெயரும் வீட்டுக்கு ஒரு பெயருமாக வாழ்ந்தார்கள். பண்ணைக்கரை சொன்ன மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவித்தலை இதோடு சேர்த்துப் படித்தால் இன்னும் விளங்கும்: பங்காளி விற்கிறாரா என்று அறியவே தேவாலய வாசலுக்குப் போகவேண்டும்.

நான் எழுதுவதென்றால் "வருமானத்துக்கும் ஒழுங்குக்கும் உதவிய வழமையை வைத்துக்கொண்டனர்" என்று எழுதுவேன். "மதித்தனர்" என்ற சொல்லைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துவிடலாம்.

நல்லூரடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. 1795-ல் பிரித்தானியர் வந்த பிறகு இதை ஏன் தூக்கி எறியவில்லை? அவர்களுக்குத் தங்கள் சட்டம் இருந்ததே. மற்றது, இன்று நொத்தாரிசு (காணி உறுதி எழுதுபவர்) அலுவலகத்தில் "தேசவழமை" என்று சொல்லப்படுவது சைமன்ஸ் காலத்துச் சட்டமேதானா?

ஆரியகுளம் சந்தி எழுதியது:

தூக்கி எறிந்து பார்த்தார்கள், கை சுட்டது. 1796-ல் கரையோரப் பகுதிகள் சென்னையிலிருந்து நிர்வகிக்கப்பட்டன. பழைய தலைமைக்காரரை ஒதுக்கி, சென்னையிலிருந்து அமில்தார்களை (வரி அதிகாரிகள்) கொண்டுவந்து வரி தண்டினார்கள். ஊழியத்துக்குப் பதிலாகக் கிடைத்த காணிகளின் ஒழுங்கைக் குழப்பினார்கள். தென்னை மரத்துக்கு வரி போட்டார்கள். 1797-ல் கலகம். விசாரணைக்கு டி மெரோன் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, பழைய ஒழுங்குக்குத் திரும்புவதே வழி என்றாகியது. தோம்பேடு எழுதிய "பழைய வரி, பழைய பெயர்" நியாயத்தை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதனால்தான் ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1799 செப்டம்பர் 23 பிரகடனத்தில், ஒல்லாந்தர் காலத்தில் இருந்த சட்டங்களே தொடரும் என்றார். 1806-ம் ஆண்டின் 18-ம் இலக்க ஒழுங்குவிதி ஒருபடி மேலே போய், சைமன்ஸ் உத்தரவில் தொகுக்கப்பட்ட தேசவழமை முழு வலுவில் இருக்கும், யாழ்ப்பாண மாகாணத்து "மலபார்" குடிகளுக்கிடையிலான வழக்குகள் அதன்படியே தீரும் என்றது. மலபார் என்றால் இங்கே தமிழர். பின்னர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் ஏற்பாட்டில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. நீதிமன்றங்கள் கையில் வைத்து வாதாடியது அந்த ஆங்கிலப் பிரதியைத்தான்.

நிர்வாகத்திலும் அதே தொடர்ச்சி. 1832-ல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்தது, 1833-ல் நாடு ஐந்து மாகாணமானது. காகிதத்தில் பெரிய மாற்றம். ஆனால் வடக்கில் 1829 முதல் 1867 வரை பேர்சிவல் ஆக்லண்ட் டைக் ஒருவரே முதலில் கலெக்டர், பிறகு அரசாங்க அதிபர் (இடையில் சிறு இடைவெளி). மணியகாரர், உடையார், விதானை வழியாகவே ஆண்டார். "வடக்கின் ராசா" என்று பெயர் வாங்கியது சும்மாவா? கச்சேரிப் பக்கம் பழைய பூங்காவுக்குள் போகிறவர்கள் அவர் குடியிருந்த நிலத்தில்தான் நடக்கிறார்கள். ஊழியம் போன இடத்துக்கும் வேறொன்று வந்தது: 1848-ம் ஆண்டின் 8-ம் இலக்க வீதிச் சட்டப்படி 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் றோட்டு வேலை, இல்லையேல் காசு. பன்னிரண்டு ஆறாகியது, சாதிக் கணக்குப் போனது. காசு கட்டித் தப்பும் வழி மட்டும் அப்படியே இருந்தது.

இன்றைய சட்டம் பற்றி: 1707-ஐ நேராக நொத்தாரிசு மேசையில் வைக்கக்கூடாது. வாரிசுரிமையும் கணவன் மனைவி சொத்தும் இப்போது 1911-ம் ஆண்டின் 1-ம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இருக்கின்றன. அதை 1947-ம் ஆண்டின் 58-ம் இலக்கச் சட்டம் திருத்தியது, முக்கியமாகத் தேடியதேட்டத்தின் வரைவிலக்கணத்தை. தாய் தகப்பனின் கடனை, முதுசம் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆண்பிள்ளைகள் கட்டவேண்டும் என்ற 1707 விதியை இன்றைய சட்டம் என்று மாணவர்கள் எழுதினால் புள்ளி போகும்.

முன்வாங்கும் உரிமைக்கு 1947-ம் ஆண்டின் 59-ம் இலக்கச் சட்டம். அது உரிமையை இரண்டு வகையினரோடு நிறுத்திவிட்டது: இணை உரித்தாளர்கள், மற்றும் விற்பவர் மரணசாசனம் இல்லாமல் இறந்தால் வாரிசாக வரக்கூடியவர்கள். அடுத்த காணிக்காரர் ஈடு பிடித்திருந்தாலும் இப்போது உரிமை இல்லை. ஊரில் இன்னும் "பக்கத்துக் காணிக்காரனுக்குத்தான் முதல் உரிமை" என்று சண்டை பிடிக்கிறார்கள். பக்கத்துக் காணிக்காரர் பங்காளியாகவோ வாரிசாகவோ இருந்தால்தான் அந்தப் பேச்சு செல்லும். தேவாலய அறிவித்தலும் போய், நொத்தாரிசு மூலம் அறிவித்தல் வந்துவிட்டது. அறிவித்து மூன்று வாரத்துக்குள் வாங்க முன்வரவேண்டும்.

மடத்துவாசல் எழுதியது:

மூன்று ஞாயிற்றுக்கிழமை மூன்று வாரமாகியிருக்கிறது, அவ்வளவுதான் போல.

பெண்கள் விஷயத்தையும் சேர்த்துவிடுங்கள், அதுவும் 1707-ல் இருந்து வந்த கொடிதான். மனைவி கணவனின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவள், அவன் சம்மதமில்லாமல் எதையும் நன்கொடை கொடுக்க முடியாது என்று ஐசாக்ஸ் எழுதினார். 1911 சட்டத்தின் 6-ம் பிரிவு மனைவியின் தனிச் சொத்தை அவளுக்கே என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று வைத்துவிட்டது.

ஆரியகுளம் சந்தி எழுதியது:

உண்மை. நடைமுறையில் காணி உறுதி பிழையாகிப்போகும் இடமும் அதுதான். சீதனக் காணிதானே, பெயர் அவளுடையதுதானே என்று மனைவியின் கையெழுத்தோடு மட்டும் உறுதி முடித்தால் வாங்கியவருக்குப் பின்னால் வழக்கு. கணவன் காணாமல் போயிருந்தால், பிரிந்து போயிருந்தால், அல்லது காரணமில்லாமல் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை பெறலாம், அதற்கு 8-ம் பிரிவு இருக்கிறது. நல்லூரடி, குறிப்பில் 6-ஐயும் 8-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். 6-ஐ மட்டும் படித்துவிட்டு வழியே இல்லை என்று நினைப்பவர்கள் அதிகம்.